இரவு எங்கே படுத்தாய்?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். “மேம், நாங்க மூணு பேர் திருவண்ணாமலை போறோம். பார்க்க வேண்டிய இடம், தங்க நல்ல இடம், உங்களுக்குப் பிடிச்சதா நாலஞ்சு சொல்லுங்க.” பார்க்க வேண்டிய இடங்களை உடனே எழுதிவிட்டேன். ‘தங்க’ என்று தட்டச்சு செய்ததும் கை நின்றுவிட்டது.

முதல்முறை அந்த ஊருக்கு நான் போனது பத்து வயதில், ஒரு பௌர்ணமிக்கு, அம்மாவோடும் தெருப் பெண்களோடும். சத்திரத்துத் திண்ணையில் வரிசையாகப் படுத்தோம். அம்மா மட்டும் படுக்கவில்லை. எங்கள் தலைமாட்டில் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். அடுத்த முறை போனபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு கருத்தரங்குக்காகத் தனியாகப் போயிருந்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டி மூன்று விடுதிகளில் அறை கேட்டேன். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கூட யாரும் வரலியாம்மா?” மூன்றாவது இடத்தில் இருந்தவர் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னார்: “தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா. ஏதாவது பண்ணிக்கிட்டா எங்களுக்குத்தான் தொந்தரவு.” கல்லூரி அடையாள அட்டையை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தனியாக அறை கேட்கும் பெண் ஒன்று சாக வந்தவள், இல்லையென்றால் வேறு எதற்கோ வந்தவள். மூன்றாவது காரணம் ஒன்று இருக்க முடியும் என்பது அந்த மேசைக்குத் தெரியாது.

மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தனியாக வரும் பெண்ணைத் தடுக்கும் சட்டமும் எனக்குத் தெரிந்து இல்லை. தடுப்பது வழக்கம். வழக்கத்தை எதிர்த்து இரவு ஒன்பது மணிக்கு வழக்குப் போட முடியாது.

அதற்குப் பிறகு திருவண்ணாமலையைப் பற்றி யார் எழுதியதைப் படித்தாலும் இந்தக் கேள்விகளோடு படிக்கும் பழக்கம் வந்துவிட்டது: இவர் இரவு எங்கே படுத்தார்? இடம் கொடுத்தது யார்? சோறு போட்டது யார்? ‘எனக்குப் பிடித்த இடம்’ என்று ஒருவர் எழுதும்போது, அங்கே இருக்க அவரை விட்டார்கள் என்பது அந்தச் சொற்களுக்கு அடியில் இருக்கிறது. அதை அவர் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

வந்தவருக்கு இடம் கொடுப்பது பற்றி அந்த ஊருக்கே சொந்தமாக ஒரு கதை உண்டு. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வரும் வல்லாள மகாராஜன் கதை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவன் வல்லாளன். பிள்ளையில்லாதவன். அவனைச் சோதிக்கச் சிவன் ஜங்கமர் வேடத்தில் பரிவாரத்தோடு வருகிறார். இரவுக்கு ஒரு தாசி வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள தாசிகள் எல்லோரும் அன்றிரவு வேறு ஜங்கமர்களிடம் பேசி முடிக்கப்பட்டவர்கள். அதுவும் சிவன் ஏற்பாடுதான். சொன்ன சொல் தவறுமே என்று அரசன் தவிக்கிறான். இளைய ராணி சல்லமாதேவி அலங்காரம் செய்துகொண்டு விருந்தினரிடம் போகிறாள். அவள் நெருங்கியதும் அவர் கைக்குழந்தையாகி அழுகிறார். பிறகு மறைகிறார். வல்லாளனுக்கு மகனாக இருந்து கடன் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறார். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். கோயிலில் வல்லாளன் பெயரில் ஒரு கோபுரமும் இருக்கிறது.

விருந்தோம்பலின் உச்சம் என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். வந்தவர் கடவுள். கொடுத்தவன் புகழும் மகனும் பெற்றான். கொடுக்கப்பட்டவள் என்ன பெற்றாள்? புராணம் அவளைக் காப்பாற்றும் விதத்தைக் கவனியுங்கள். விருந்தினர் குழந்தையாகிவிடுகிறார், தாசியாகப் போனவள் தாயாகிவிடுகிறாள். அந்த அறைக்குள் ஒரு பெண் இருப்பதற்கு இந்த இரண்டு காரணங்களையே கதையால் யோசிக்க முடிகிறது. விடுதி மேசைக்காரரின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு இந்தக் கதையைப் படித்தபோது புரிந்தது.

இனி இக்காலத்து வரலாறு. 1896 ஆகஸ்ட் கடைசியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரையில் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். வழியில் கீழூரில் ஒரு வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். அன்று கோகுலாஷ்டமி. அந்த வீட்டுப் பெண் அவனுக்குச் சோறு போட்டுப் பலகாரமும் கட்டிக்கொடுத்தாள். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். பையன்கள் கல்லெறிந்தபோது பாதாள லிங்கக் குகைக்குள் போனான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அவர்.

அந்தப் பயணத்தை எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! ஒரே ஒரு மாற்றம் செய்து அதை மறுபடி படித்துப் பாருங்கள். வந்தது பதினாறு வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழூரில் அவளுக்குச் சோறு கிடைத்திருக்கலாம்; கூடவே அவளைப் பிடித்து வைத்து வீட்டுக்குத் தந்தியும் போயிருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் முதல் இரவை அவள் எப்படிக் கழித்திருப்பாள் என்று எழுத எனக்குத் துணிவில்லை. வீட்டை விட்டு ஓடுவது ஆணுக்குத் துறவின் தொடக்கம். பெண்ணுக்கு அதன் பெயரே வேறு: ஓடுகாலி.

அந்தப் பையன் பெரியவரானதும் உலகம் அவரைத் தேடி வந்தது. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட, இந்தியாவின் இரகசியங்களைத் தேடிய புத்தகம் திருவண்ணாமலையை மேற்கத்திய வாசகர்களின் வரைபடத்தில் ஏற்றியது. மாட்டு வண்டியில் வந்து இறங்குகிறார். பிறகு ஆசிரமத்தை ஒட்டித் தங்கிக்கொள்ள அவருக்கு ஒரு குடிசையும் கிடைக்கிறது. சோமர்செட் மாம் 1938இல் வந்து சில மணி நேரம் இருந்தார். 1944இல் வந்த அவருடைய நாவலில் அந்தச் சந்திப்பின் சாயல் ஒரு குருவாக உருவெடுத்தது. இந்த எழுத்துகளில் மலை இருக்கிறது, மௌனம் இருக்கிறது, தீட்சண்யமான கண்கள் இருக்கின்றன. படித்து முடித்த பிறகு நினைவில் நிற்கும் ஒரு பெண் எனக்கு இல்லை. தங்குமிடம் அவர்களுக்குப் பிரச்சினையாக இல்லாததால் அது எழுத்திலும் பின்னணியாகவே நின்றுவிட்டது. நல்ல எழுத்துதான். ஆனால் ஊரைப் பகலில் மட்டும் பார்த்த எழுத்து. இரவு அவர்களுக்குத் தியானத்துக்கான நேரம்.

அதே இடத்தில் பெண்கள் இருந்தார்கள். எச்சம்மாள் என்று எல்லோரும் அழைத்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்து இழந்து மனம் உடைந்து இந்த ஊருக்கு வந்தவர். ஊருக்குள் வீடு எடுத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் சமைத்து ரமணருக்கு எடுத்துப் போனார். ரமணர் மலைக் குகையில் இருந்த காலத்தில் அந்தச் சோறு மலை ஏற வேண்டும். முதலியார் பாட்டியும் அப்படியே. கீரை பறித்துக்கொடுத்த ஒரு கிழவியைக் கீரைப்பாட்டி என்று ஆசிரம நினைவுகள் குறிப்பிடுகின்றன. சோறு கொண்டுபோன பாத்திரத்தோடு அவர்கள் இறங்கி வந்துவிட வேண்டும். தங்கக் கூடாது.

1916 வாக்கில் ரமணரின் தாய் அழகம்மாள் மகனோடு இருந்துவிட வந்தபோது இந்த விதி வெளிப்படையாகப் பேசப்பட்டது. தாயைத் தங்கவிட்டால் எச்சம்மாளும் மற்றவர்களும் தங்கக் கேட்பார்களே என்று உடனிருந்த ஆண்கள் தயங்கினார்கள். நாங்கள் கேட்க மாட்டோம், அந்த முதிய பெண்மணியை மட்டும் இருக்கவிடுங்கள் என்று இந்தப் பெண்களே வாக்குக் கொடுத்தார்கள். அப்போதும் தயக்கம் தீரவில்லை. ரமணர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே இல்லையென்றால் வேறெங்காவது போய் இருப்போம் என்று எழுந்தார். பிறகுதான் அழகம்மாளுக்கு இடம் கிடைத்தது. மகனின் பெருமையைச் சொல்வதற்காக இந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள். நான் அதில் மற்றப் பெண்களின் வாக்குறுதியைப் படிக்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஓரிடம் கிடைக்க, மற்றப் பெண்கள் தங்களுக்கான இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

1922 மே மாதம் அழகம்மாள் இறந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்கந்தாசிரமத்திலிருந்து நாள்தோறும் அந்தச் சமாதிக்கு வந்துபோன ரமணர் ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். இன்று நாம் பார்க்கும் ஆசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. 1949 மார்ச்சில் அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரு பெண்ணின் உடலை அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஆசிரமம் அது. ஆனால் ரமணர் காலத்தில் பெண்கள் அங்கே இரவில் தங்க அனுமதி இல்லை. பொழுது சாய்ந்ததும் வெளியேற வேண்டும். துறவிகள் இருக்கும் இடத்துக்கு அவப்பெயர் வந்துவிடக் கூடாது என்பது அதற்கான நியாயம். அங்கே வாழ்ந்த லட்சுமி என்ற பசு 1948இல் இறந்தபோது அதற்கு ஆசிரம வளாகத்துக்குள்ளேயே சமாதி கட்டினார்கள். பசுவின் மேல் காட்டிய அன்பை நான் குறை சொல்லவில்லை. அந்த வாசலில் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பெண்களையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். இன்று அங்கே முன்கூட்டி எழுதிக் கேட்டால் பெண்களுக்கும் அறை தருகிறார்கள். விதிகள் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படி மாலையில் கிளம்பியவர்களில் ஒருவர் சூரி நாகம்மா. 1902இல் ஆந்திரத்தில் பிறந்து சிறு வயதிலேயே விதவையானவர். 1941இல் திருவண்ணாமலை வந்தார். 1945 முதல் 1950 வரை தன் சகோதரருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் பிறகு நூலாக வந்து பல மொழிகளுக்குப் போயின. அதே 1940களில், அதே மலையடிவாரத்தில் இருந்த இன்னொரு பெண் எல்லா மயார். 1903இல் ஜெனீவாவில் பிறந்த சுவிட்சர்லாந்துப் பயணி. பனிச்சறுக்கு வீராங்கனை, பாய்மரப் படகு ஓட்டியவர். 1935இல் சீனாவைக் கடந்து வந்தார். 1939இல் தோழி ஒருவரோடு ஃபோர்டு காரில் ஜெனீவாவிலிருந்து ஆப்கானிஸ்தான் போனார். உலகப்போர் ஆண்டுகளை இந்தியாவில், பெரும்பகுதி திருவண்ணாமலையில் கழித்தார். அந்த நாட்களைப் பற்றி 1951இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் நாயகர் குருவல்ல, டி-புஸ் என்ற பூனை.

இந்த இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி மாணவிகளிடம் கேட்டிருக்கிறேன். ஆண்களின் புத்தகங்களில் இல்லாத ஊர் இவற்றில் இருக்கிறது. நாகம்மாவின் கடிதங்களில் குரங்குகளும் அணில்களும் அடுக்களையும் வந்துபோகும் மனிதர்களும் நிறைந்திருக்கிறார்கள். மயாருக்கோ பூனை எங்கே படுக்கிறது, என்ன தின்கிறது என்பது முக்கியம். தங்குவது எளிதாக இல்லாதவர்களுக்குத் தங்குமிடத்தின் ஒவ்வொரு மூலையும் கண்ணில் படும். அதை ‘பெண்களின் சின்னச் சின்னக் கவனிப்பு’ என்று ஒதுக்கும் விமர்சனம் தவறு. மலையைப் பற்றிப் பரவசமாக எழுதுவதைவிட, அதன் அடிவாரத்தில் ஒருத்தி எப்படி நாளைக் கழித்தாள் என்று எழுதுவது ஊரைப் பற்றிய கூடுதல் அறிவு.

ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. மயார் வெள்ளைக்காரர், காலனி ஆட்சி நடந்த ஊரில் வீடு எடுத்துத் தன் விருப்பப்படி இருக்க அந்தத் தோலின் நிறம் உதவியது. தனியாக இருக்கும் துரைசாணியை ஊர் வேடிக்கை பார்க்கும், வெளியே தள்ளாது. நாகம்மாவுக்குக் கிடைத்த அனுமதி வேறு வகை. இளம் வயதில் விதவையான ஒரு பெண் எழுத வேண்டுமென்றால் அந்த எழுத்து யாருக்காவது கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். சகோதரனுக்கு எழுதும் கடிதம் அதற்கு ஏற்ற வடிவம். அந்த வடிவத்துக்குள்தான் அவர் ஒரு காலத்தையே பதிவு செய்தார். அவருடைய கடிதங்கள் பெரும்பாலும் பகலின் பதிவுகள். வாசல் மூடிய பிறகு உள்ளே நடந்ததை அவர் பிறர் சொல்லித்தான் அறிய முடியும். நூலின் இந்த எல்லையை அவருடைய பக்தியின் எல்லை என்று படிக்கக் கூடாது. அது ஆசிரம வாசலின் எல்லை.

இந்த இருவரும் நின்ற இடம்வரைகூட வர முடியாத பெண்கள் உண்டு. கிரிவலப் பாதையிலும் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் சாதிப் பெயர் தாங்கிய சத்திரங்களையும் மடங்களையும் இன்றும் பார்க்கிறோம். யாருக்கு அறை என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், தலித் மக்கள் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அவர்களுக்கு அந்தக் கோயில் வெளியிலிருந்து மட்டும் ‘பார்க்க வேண்டிய இடம்’.

இப்போதைய நிலைக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலையிலும் ரமண நகரிலும் அறைகளும் வீடுகளும் வெளிநாட்டவரால் நிறைந்துவிடும். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்கு டிக்கெட் இல்லை. அறை பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றி, கழிப்பறை கழுவி, பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கிறார்கள். எச்சம்மாளின் காலத்து ஒழுங்கு இன்னும் நடக்கிறது: மற்றவர் தங்குவதற்கு வேலை செய், பொழுது சாய்ந்தால் கிளம்பு.

மலைச் சரிவிலேயே வீடு இருப்பவர்களும் உண்டு. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதே மாதம் 13ஆம் தேதி மலை உச்சியில் தீபம் ஏறியது. பயணக் குறிப்புகளில் அந்த மலை எப்போதும் பார்ப்பதற்கும் சுற்றுவதற்கும் உரியது. அதன்மேல் சமைத்துக் குளித்துப் பிள்ளை வளர்ப்பவர்கள் அந்தக் குறிப்புகளில் வருவதில்லை.

பாதுகாப்பு பற்றியும் பேச வேண்டும். 2018 ஜூலையில் இந்த ஊருக்கு வந்த ரஷ்யப் பெண்ணொருவர் தங்கியிருந்த இடத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார், சிலர் கைதானார்கள். அப்போதும் பயண ஆலோசகர்கள் சொன்னது, பெண்கள் தனியாகப் போகாதீர்கள் என்பது. 2025 செப்டம்பர் கடைசியில் ஆந்திரத்திலிருந்து வந்த இளம்பெண் ஒருவரைப் புறவழிச்சாலையில் வன்கொடுமை செய்ததாகக் கைதானவர்கள் இரண்டு காவலர்கள். அந்தப் பெண் தனியாக வரவில்லை. உறவினரோடு வந்தவர். ‘துணையோடு போ’, ‘போலீஸிடம் கேள்’ என்ற இரண்டு அறிவுரைகளும் அந்த இரவில் என்ன ஆயின என்பதை அந்த ஆலோசகர்கள் எழுதவில்லை. பட்டியலில் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்த்துக்கொள்வது எளிது. அந்த வரி எப்போதும் பெண்ணைப் பார்த்தே எழுதப்படுகிறது. விடுதிக்காரரையோ காவல் துறையையோ பார்த்து எழுதிய ஒரு வரியை நான் இன்னும் படிக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அந்த ஊர் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இந்தக் கணக்கைப் பார்க்கிறேன். மாணவிக்கு நான் கடைசியில் எழுதியனுப்பிய பட்டியல் இது.

பவழக்குன்று. கோயிலுக்கு அருகே, ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னக் குன்று. காஞ்சியிலிருந்து வந்த பார்வதி இங்கே தவமிருந்து சிவனின் பாதியைப் பெற்றாள் என்பது தலபுராணம். 1898இல் அழகம்மாள் மகனை வீட்டுக்கு அழைக்க வந்து அழுததும் இங்கேதான். ஒருத்தி கேட்டுப் பெற்றாள். ஒருத்தி கேட்டும் பெறவில்லை. காலையில் போனால் கூட்டம் இருக்காது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

அம்மணி அம்மன் கோபுரம். கோயிலின் வடக்குக் கோபுரம், 171 அடி. பெண் துறவி ஒருவர் வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கட்டி முடித்தார் என்று ஊர் சொல்கிறது. அரசர்கள் பெயரைச் சொல்லும் ஊரில் யாசித்தவளின் பெயரில் ஒரு கோபுரம். எல்லோரும் 217 அடி கிழக்குக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் வடக்கே போங்கள்.

ஸ்கந்தாசிரமம். அழகம்மாள் கடைசிக் காலத்தில் மகனோடு இருந்து சமைத்த இடம். படியேறும்போது கையில் ஒரு சோற்றுப் பாத்திரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எச்சம்மாளைப் பற்றி அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, இரவில் கிரிவலப் பாதை. பதினான்கு கிலோமீட்டர். அறை கிடைக்காத அந்த இரவில் நான் அங்கேதான் போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை. வேறு போக்கிடம் இல்லை. நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். “ஒண்டியாவா வந்த? எங்களோட வாம்மா” என்றார் ஒருவர். யார், ஏன் என்று கேட்கவில்லை. பின்னிரவில் ஒரு மண்டபத்துப் படியில் பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். வயதான ஒருவர் மட்டும் படுக்காமல் எங்கள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். பத்து வயதில் பார்த்த அம்மாவைப் போலவே. அன்று நன்றாகத் தூங்கினேன். ஆனால் ஒருத்தி விழித்திருந்தால்தான் மற்றவள் தூங்கலாம் என்பதை அழகான காட்சியாக மட்டும் எழுதிவிட எனக்கு மனமில்லை. அந்த அம்மாளும் தூங்க வேண்டும்.

தங்குவதற்கு எந்த விடுதியையும் நான் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. மூன்று கேள்விகளை எழுதியனுப்பினேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவீர்களா? தராவிட்டால் காரணத்தை எழுதித் தருவீர்களா? உங்கள் அறையைச் சுத்தம் செய்பவர் இரவு எத்தனை மணிக்கு வீடு போகிறார்? இந்த மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடு, பதிலைக் குறித்து வை என்றேன்.

“போயிட்டு வந்து எழுதறேன் மேம்” என்று பதில் வந்தது. எழுது, ஆனால் இரவு எங்கே படுத்தாய் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.